துண்டு போட்டுப் பேசு, மாப்ளே

வா மாப்ளே, வா. கயித்துக் கட்டில்ல தலமாட்டுப் பக்கமா உக்காரு. கால்மாட்டுல கயிறு தொங்கிப் போய்க் கெடக்குது. அங்க உக்காந்தா உன்னைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். அத்தை காப்பி போடறா. அதென்ன சட்டைப் பையில, கோயில் பிரசாதமாட்டப் பொத்திப் பொத்திக் கொண்டு வர்றே? கடுதாசியா? குடு இப்பிடி. என்ற கண்ணாடியை எங்க வெச்சன்... ஓ, நெத்தியில இருக்குது.

அட! மேல ‘அன்பான விவசாயப் பெருமக்களே’. கீழ ‘இப்படிக்கு, உண்மை விளம்பி’. பேரு இல்ல, ஊரு இல்ல, தேதிகூட இல்ல. எழுத்து ஈர மணல்ல நண்டு ஓடுன கணக்கா இருக்குது. எடது கையில எழுதுனயாக்கும்? வலது கையில எழுதுனா கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயம். மாப்ளே, கையைத்தான் மாத்துனே, புத்தியை எங்க மாத்துனே? ‘மோட்டார்’ங்கறதை ‘மோட்டாற்’னு எழுதறவன் இந்தத் தாலூக்காவுலயே நீ ஒருத்தன்தான். உன்ற பட்டறை போர்டுல பன்னெண்டு வருசமா அப்பிடித்தான் தொங்குது. பெயிண்டர் சரியா எழுதுனதை நீயே ஏணி வெச்சு ஏறித் திருத்துனது எனக்கு ஞாபகம் இருக்குது. மொட்டையடிச்சு வேசம் போட்டவன் காதுக் கடுக்கனைக் கழட்ட மறந்தானாம், அந்தக் கதை உன்றது.

சரி, விசயத்துக்கு வாரேன். நீ எழுதியிருக்கறது பொய்யில்ல. டவுன்ல மோட்டார் விக்கறவரு, அவரு பேரு இப்ப வேண்டாம், பெட்டி மேல முழுச் செம்புன்னு அச்சடிச்சு விக்கறாரு. ஆறு மாசத்துல அது எரிஞ்சு உன்ற பட்டறைக்கு வருது. காயிலைப் பிளேடுல சொரண்டிப் பாத்தா மேல செம்பு நெறம், உள்ளாற வெள்ளை. அலுமினியம். செம்பு கடத்தற கரண்டுல நூத்துக்கு அறுவது பங்குதான் அது கடத்தும். எடை போட்டா மூணுல ஒரு பங்குகூட நிக்காது. அலுமினியத்துல கட்டறது ஒண்ணும் குத்தமில்ல. அதுக்குத் தக்கனக் கம்பியைத் தடிமனாப் போட்டு, அலுமினியம்னு சொல்லி, அலுமினிய வெலைக்கு வித்தா யாரு கேக்கப் போறா? செம்புன்னு சொன்னாரு பாரு, அதுதான் களவாணித்தனம். இதை நாலு பேருக்குச் சொல்லோணும்னு உனக்குத் துடிக்குது. ஆனா உனக்கு பேரிங்கும் புஷ்ஷும் காயில் கம்பியும் கடனுக்கு வர்றது அதே ஆளுகிட்டத்தான். பேரு போட்டா கடன் நிக்கும். கடன் நின்னா பட்டறை நிக்கும். அதனால பேரை முழுங்கிப்போட்டே. பசிச்சவன் முழுங்கறதுதானே.

மொட்டைக் கடுதாசி விசயத்துல உனக்குப் புத்தி சொல்ல என்னை விட்டா ஆளில்ல. என்ற கல்யாணம் பேசறப்ப பொண்ணு வீட்டுக்கு மூணு வந்துச்சு. மொதல் கடுதாசியில எனக்குக் காக்கா வலிப்புன்னு இருந்துச்சு. எழுதுனது எங்க பங்காளி; முறைத் தண்ணி பாய்ச்சறதுல சண்டை. ரெண்டாவதுல நான் சீட்டாடி எருமையை வித்துப்போட்டேன்னு இருந்துச்சு. எழுதுனவரு அந்தப் பொண்ணைத் தன்ற மச்சினனுக்குக் கேட்டிருந்தவரு. எருமையை வித்தது நெசம், சீட்டாட்டந்தான் பொய். மூணாவது நெம்ப நல்ல கடுதாசி. ‘பையன் பழக்கம் தங்கம், வழக்கம் தங்கம், ஒழுக்கம் பத்தரை மாத்து. அஞ்சு ஏக்கரா தோட்டம், வத்தாத கெணறு. இந்த எடத்தை விட்டா இன்னொரு எடம் அமையாது. இப்படிக்கு, ஊர் நலன் விரும்பி.’ அதைப் படிச்சுப்போட்டுத்தான் அவங்க அய்யன் வெத்தலை பாக்கு மாத்த வந்தாரு.

யாரு எழுதுனதா? மெல்லக் கேளு. அடுப்படி பக்கத்துலதான் இருக்குது. நான்தான் எழுதுனேன்.

சிரிக்காதே. நாப்பத்தாறு வருசமாச்சு, ஒருத்தருக்கும் தெரியாது. அத்தனை பேரும் மத்தவனைத் திட்டறதுக்குத்தான் பேரை மறைக்கறான்னு நெனைக்கறே நீ. தன்னைத்தானே மெச்சிக்கறதுக்கு மறைக்கறவந்தான் நெறைய. புது ஓட்டல்காரன் தன்ற பாவாவையே (மச்சானைத்தான் சொல்றேன்) வாசல் டேபிள்ல உக்கார வெச்சு, ‘ஆகா, இந்த மாதிரி குருமா சாப்பிட்டதே இல்ல’ன்னு சத்தம் போட வெக்கறதில்லையா? சந்தையில மாட்டுக்காரன் தன்ற ஆளையே அசலூருக்காரனாட்ட நிக்க வெச்சு வெலையை ஏத்தறதில்லையா? ஊர் நலன் விரும்பிங்கறவன் எப்பவுமே தன்ற நலன் விரும்பிதான். நானே சாட்சி.

டில்லிக்காரங்களுக்கும் இது தெரியாம இல்ல. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூன்ல ஒரு உத்தரவு போட்டுச்சு: பேரில்லாமலோ பொய்ப் பேருலயோ வர்ற புகார் மேல எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம்னு. ஒரு ஆபீசருக்குப் பதவி உயர்வு வருதுன்னு காத்துல சேதி வந்தாப் போதும், மொட்டைக் கடுதாசி வந்து குமியும். பொய்யோ மெய்யோ, விசாரணைன்னு சொல்லி அவன் பதவி அங்கயே நின்னு போயிரும். அதுக்குத்தான் அந்த உத்தரவு. உன்றதும் அதே கதிதான் ஆகும். இந்தக் காகிதம் மோட்டார்க்காரரு கைக்குப் போகும். அவரு ஒரு பார்வை பாத்துப்போட்டு, ‘போட்டிக் கடைக்காரன் எழுதுனது’ன்னு நாலு வார்த்தை சொல்லுவாரு. நீ ராத்திரி முழுக்க எடது கையில எழுதுன உண்மை அந்த நாலு வார்த்தையில செத்துப்போயிரும். அதுக்கப்பறம் நீயே வந்து பேரோட சொன்னாலும், ‘ஓ, அன்னைக்கு எழுதுனவனும் நீதானா’ங்கற பேச்சுத்தான் ஓடும், அலுமினியப் பேச்சு ஓடாது.

என்ன? உங்க சங்கத் தலைவரு, இனிமே சங்கத்துல யாரு எந்தப் புகார் சொன்னாலும் ஆதார் கார்டுப் பேரோடதான் சொல்லோணும்னு தீர்மானம் போடப் போறாரா? போடட்டும், போடட்டும். அவரு நெம்பப் படிச்சவரு.

ஆதார் கார்டுப் பேரை வெச்சு நம்மூர்ல யாரையாச்சும் கண்டுபிடிச்சிருக்கறயா நீ? இந்த ஊர்ல பழனிச்சாமி மட்டும் பதினோரு பேரு. பழனி மலை பக்கத்துல இருக்கற பாவம். இனிசியல் போட்டுப் பிரிச்சுக்கலாம்னா, அதுல நாலு பேருக்கு அய்யன் பேரும் கந்தசாமி. புதுசா வந்த தபால்காரரு ‘க. பழனிச்சாமிங்களா’ன்னு கேட்டா நாலு பேரும் ‘ஆமாங்’ங்கறான். ஒருத்தன் பென்சன் இன்னொருத்தன் வீட்டுக்குப் போயி, வாங்குனவன் ஒரு வாரம் கழிச்சு, ‘முருகன் குடுத்தான்னு நெனைச்சேனுங்’ங்கறான். கட்டைவண்டி வீடு எங்கன்னு கேளு, கைக்கொழந்தை கையைக் காட்டும். கட்டைவண்டி யாரா? ஏன் மாப்ளே, ஊருக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியாதமாதிரி கேக்கறே. பதினாறு வயசுல மாடு பூட்டாம வண்டியைத் தள்ளிட்டு சந்தைக்குப் போனேன், பந்தயத்துக்கு. பேரு ஒட்டிக்கிச்சு.

சந்தைன்னதும் ஞாபகம் வருது. எங்க காலத்துல மாட்டுச் சந்தையில ஒரு தரகரு இருந்தாரு, ‘ஒண்ணேகால்’னு பேரு. சின்ன வயசுல தரகு கேக்கறப்ப ‘ஒண்ணேகால் ரூவா இல்லாம துண்டை எடுக்க மாட்டேன்’னு பிடிவாதம் பிடிச்சவராம். அவரு செத்தப்ப பசங்க கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுனாங்க, நல்ல பெரிய எழுத்துல சொந்தப் பேரு போட்டு. சாயந்தரம் வரைக்கும் துக்கத்துக்குப் பத்துப் பேரு வரல. ‘யாரோ அசலூருக்காரரு’ன்னு போஸ்டரைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. அப்பறம் ஒரு பையனுக்கு யோசனை தோணி, கரியெடுத்து ஒவ்வொரு போஸ்டர்லயும் ‘ஒண்ணேகால்’னு எழுதுனான். ராத்திரி எட்டு மணிக்கு டெம்போ புடிச்சு வந்துச்சு சனம்.

அந்த ஒண்ணேகாலுகிட்டத்தான் நான் ஒரு மாடு புடிச்சேன். எட்டு லிட்டர் கறக்கும்னாங்க. மடி அண்டாவாட்டம் இருந்துச்சு. பல்லு நாலு, சுழி சுத்தம். வித்தவன் பேரு சொன்னான், ஊரு சொன்னான், அப்பன் பேரு சொன்னான், குலதெய்வத்தைக்கூடச் சொன்னான். ஊட்டுக்கு ஓட்டியாந்து மூணாம் நாளு கறந்தா, முக்கி முக்கி மூணரை. ரெண்டு வேளை கறக்காம மடியை நெரப்பி ஓட்டியாந்திருக்கறான் களவாணி. அவன் சொன்ன ஊருக்குப் போனேன். ஊரு இருந்துச்சு, குலதெய்வம் இருந்துச்சு, அவன் இல்ல. சொன்னது அத்தனையும் முழுப் பேரு, ஒண்ணுகூட நெசம் இல்ல. அடுத்த வாரம் சந்தைக்குப் போயி ஒண்ணேகால் முன்னால நின்னேன். அவரு ஒண்ணும் பேசல. துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, ‘மாட்டை ஓட்டியா’ன்னாரு. வாங்குன வெலைக்கு ஆயிரம் கொறைச்சு வேற ஒருத்தருக்கு, மூணரை லிட்டர் மாடுன்னு நெசத்தைச் சொல்லி, கை மாத்தி விட்டாரு. கொறைஞ்ச ஆயிரத்துல பாதியைத் தன்ற மடியில இருந்து எடுத்துக் குடுத்தாரு. ஏன்? முழுப் பேரு சொன்னவன் இன்னொரு சந்தையில இன்னொரு முழுப் பேரு சொல்லிக்குவான். ஒண்ணேகாலுக்கு அதை விட்டா வேற பேரு இல்ல. முப்பது வருசமா அந்தப் பேரைத் தூக்கிட்டு அதே புளியமரத்தடியில நிக்கறாரு. அது கெட்டா அடுத்த வாரம் துண்டுக்குள்ள யாரும் கையை உட மாட்டான்.

செட்டிநாட்டுக்காரங்க பர்மாவுல லேவாதேவி பண்ணுனப்பவும் இப்பிடித்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரெண்டு மூணு எழுத்து, விலாசம்னு பேரு. கடையில உக்காந்திருக்கற ஏஜெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா மாறிருவாரு. எழுத்து மாறாது. சனம் நம்புனது அந்த எழுத்தை.

என்ற பேத்தி கோயமுத்தூர்ல புள்ளியியல் படிக்கறா, தெரியுமல்ல? அவ ஒரு கதை சொன்னா. அயர்லாந்துல டப்ளின்ங்கற ஊர்ல கின்னஸ்னு பெரிய பீர்க் கம்பெனி. அதுல வேலை பாத்தவரு வில்லியம் கோசெட். பார்லியை நாலே நாலு பாத்தியில வெதச்சுப் பாத்து, அதை வெச்சு முழுக் காட்டுக்கும் கணக்குச் சொல்ல முடியுமா, எந்த அளவுக்கு நம்பலாம்னு ஒரு கணக்கு கண்டுபிடிச்சாரு. வெளிய எழுதோணும்னாரு. தொழில் ரகசியம் போயிரும்னு கம்பெனி சொந்தப் பேருல எழுத விடல. அவரு 1908-ல ‘மாணவன்’னு பேரு வெச்சு எழுதுனாரு. அதுக்கப்பறமும் சாகற வரைக்கும் ஏறக்குறைய எல்லாத்தையும் அதே பேருலதான் எழுதுனாரு. இன்னைக்கும் பசங்க ‘மாணவன் சோதனை’ன்னுதான் படிக்கறாங்களாம், கோசெட்டைத் தெரியறது கொறைச்சல். அதைக் கேட்டதும் எங்க பழைய தமிழ் வாத்தியாரு சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. ஒரு தொழில்காரங்க தங்களுக்குள்ள பேசிக்கறதுக்குக் குழூஉக்குறின்னு பேரு. தட்டாசாரி பொன்னைப் ‘பறி’ம்பாரு. வேடன் கள்ளைச் ‘சொல்விளம்பி’ம்பான், உள்ள போனா உள்ளத்தைச் சொல்ல வெச்சிரும்ல. சொல்விளம்பி காய்ச்சற கம்பெனியில இருந்துட்டு தன்ற பேரைச் சொல்ல முடியாமப் போனவரு அந்த மனுசன். நீ என்னடான்னா ஒரு டம்ளர் மோருகூடக் குடிக்காம ‘உண்மை விளம்பி’ங்கறே. நாளைக்கு இன்னொரு கடுதாசிக்கு ‘நியாய விரும்பி’ம்பே. நாளான்னிக்கு ‘விவசாயி மகன்’. பேரை மறைக்கறதுன்னா அந்த பீர்க்காரராட்ட ஒரே பேருல நின்னு மறைக்கோணும்.

மேல பாரு, இந்தத் தாவாரத்து ஓடு. எங்க அப்பாரு காலத்துல மேஞ்சது. மழைக்கு ஒருக்கா எறக்கி அடுக்கறப்ப திருப்பிப் பாத்தேன், உள் பக்கம் பேரு அச்சு வெச்சிருக்குது: பாசல் மிசன், 1865. அந்த வருசம் மங்களூர்ல ஓட்டுச் சூளை போட்டாங்களாம் வெள்ளைக்காரப் பாதிரிமாருங்க. வெளியில இருந்து பாத்தா தெரியாது. ஒழுகுனா எறக்கிப் பாக்கறப்பத்தான் தெரியும். செங்கலைப் பாரு, நடுக்குழியில சூளைக்காரன் எழுத்து. பூசிட்டா யாரும் பாக்கப் போறதில்ல, செவுரு விழுந்தா மட்டும் எல்லாரும் பாப்பான். தங்க நகையில இப்ப ஆறு எழுத்து கொண்ட நம்பர் பொறிக்காம விக்கக் கூடாதுன்னு 2023 ஏப்ரல்ல இருந்து சட்டம். பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியும், ஆனா யாரு செஞ்சது, எங்க சோதிச்சதுன்னு அதை வெச்சே புடிச்சிரலாம். பேரு நெத்தியில இருந்துதான் ஆகோணும்னு இல்ல. ஒழுகற அன்னைக்கு ஓட்டுக்கு அடியில இருந்தாப் போதும்.

தலைவரு தீர்மானத்துல இன்னொரு சங்கடமும் இருக்குது, அதை அவருகிட்ட நீ சொல்லாதே, நான் சொல்றேன். பேரு கேக்கறதுங்கறது நம்ம சனத்துக்கிட்ட எங்க போயி நிக்கும்னு உனக்குத் தெரியாதா? ‘தம்பி பேரு?’ சொன்னான். ‘அய்யன் பேரு?’ சொன்னான். ‘எந்த ஊரு?’ சொன்னான். ‘ஊர்ல எந்தத் தெரு?’ அங்க வந்து நிக்கும். 1929-ல செங்கல்பட்டுல சுயமரியாதை மாநாடு கூடி, பேருக்குப் பின்னால சாதி போடறதை விட்ரோணும்னு தீர்மானம் போட்டாங்க. பேருல இருந்து வாலை அறுத்துட்டோம். கேள்வியில இருந்து அறுக்கல. நானும் கேட்டிருக்கறேன், இந்தக் கட்டில்ல உக்காந்தேதான், பெருமையாச் சொல்லல. கை சுத்தமா வைண்டிங் கட்டற பையன் ஒருத்தன் ஊர் முக்குல பட்டறை போட்டு, போர்டுல தன்ற பேரு போடாம சாமி பேரை வெச்சிருந்தா, அவன் எதையோ மறைக்கறான்னு சொல்லாதே. நாம எதைத் தோண்டுவோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

சித்த இரு. ஆடு முருங்கையைக் கடிக்குது. ஏய், போ அக்கட்டா! ... என்ன சொல்லிட்டிருந்தேன்?

ஆங். உண்மையைச் சொன்னவனுக்கு என்ன நடக்கும்னு நீ பயப்படறது வீண் பயம்னு நான் சொல்ல மாட்டேன். சத்யேந்திர துபேன்னு ஒரு பையன். கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்ச இஞ்சினியர். தங்க நாற்கரச் சாலை போட்டாங்கல்ல, அதுல பீகார் ஜார்க்கண்ட் பக்கம் வேலை. காண்ட்ராக்டுல நடக்கற ஊழலைப் பாத்துட்டு 2002-ல பிரதமர் ஆபீசுக்கே எழுதுனாரு. உன்னாட்ட மொட்டையா எழுதல. தான் யாருன்னு சொல்லிப்போட்டு, என்ற பேரை மட்டும் வெளிய விட்ராதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. அந்தக் காகிதம் பேரோடயே ஆபீஸ் ஆபீஸா நடந்துச்சு. அடுத்த வருசம், 2003 நவம்பர் 27, கயா ரயிலடியில எறங்கி வீட்டுக்குப் போற வழியில சுட்டுக் கொன்னுபோட்டாங்க. வழிப்பறின்னு கேஸ் முடிஞ்சுது. நாடு அப்பிடி நெனைக்கல. கோர்ட்டுல கேள்வி எழும்பி, 2004-ல கெவுர்மெண்டு ஒரு ஏற்பாடு செஞ்சுது. புகாரை ஒட்டுன கவர்ல வெக்கோணும். கவர் மேல பேரு எழுதக் கூடாது. உள்ள பேரு இல்லாமயும் இருக்கக் கூடாது. முன்ன சொன்ன அதே ஆணையந்தான் பிரிக்கும். பேரைத் தான் மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, விசயத்தை மட்டும் மேல அனுப்பும். உங்க கடுதாசி வந்துச்சுன்னு பதில்கூட எழுத மாட்டாங்க. பதில் போனா அதை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்களாம். பேரில்லாத கடுதாசியைத் தூக்கிப் போடுன்னு சொன்ன ஆபீசுக்கே, பேரைக் காப்பாத்தற வேலையையும் குடுத்தாங்க. இந்த ஏற்பாட்டை அந்தப் பையன் எழுதறப்பவே போட்டிருக்கலாம்.

அதைப் பேப்பர்ல படிச்சப்ப நான் டீக்கடையில சொன்னேன், ‘இது ஒண்ணேகால் துண்டுடா’ன்னு. ஒருத்தனுக்கும் வெளங்கல. உனக்காச்சும் வெளங்குதா பாக்கலாம்.

மாட்டுச் சந்தையில தரகரு துண்டைப் போட்டு, உள்ள விரலைப் புடிச்சு வெலை பேசறதைப் பாத்திருக்கறே. நாலு விரலைச் சேத்துப் புடிச்சா நாலு. நாலாயிரமா நாப்பதாயிரமாங்கறது மாட்டைப் பாத்தாலே ரெண்டு பேருக்கும் தெரியும். சுத்தி நூறு பேரு நிப்பான், ஒருத்தனுக்கும் வெலை தெரியாது. ஏன் மறைக்கறாங்க? கொறைச்சுக் கேட்டா மாட்டுக்காரனுக்கு ஊரு முன்னால அவமானம். ஏத்திக் குடுத்தா வாங்கறவனை ஊட்டுல கேள்வி கேப்பாங்க. முன்ன போன வெலை வெளிய தெரிஞ்சா பின்னால வர்றவன் அதையே புடிச்சுட்டுத் தொங்குவான். எல்லாம் சரி. ஆனா ஒண்ணைப் பாத்தயா? துண்டு மறைக்கறது விரலைத்தான். மூஞ்சியை மறைக்கல. யாரு கையை நான் புடிச்சிருக்கறேன்னு எனக்குத் தெரியும், யாரு கை தன்னைப் புடிச்சிருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். மூஞ்சிக்குத் துண்டைப் போட்டுட்டு வெரலை மட்டும் நீட்டி ஒருத்தன் சந்தைக்கு வந்தா, அவனுக்குப் பேரு வியாபாரியா?

கொப்பரையை ஒழுங்குமுறைக் கூடத்துல போடறமே, மறைமுக ஏலம், அதுவும் இதுதான். வியாபாரி ஒவ்வொரு குமியா மோந்து பாத்துட்டு, சீட்டுல வெலையை எழுதிப் பெட்டியில போடறான். பக்கத்துல நிக்கறவன் என்ன எழுதுனான்னு இவனுக்குத் தெரியாது. ஆனா சீட்டுல பேரில்லைன்னா அது குப்பை. பேரைத் தெரிஞ்சுக்க வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்கறாரு, தெரிஞ்சுக்க வேண்டாத ஆளு நூறு பேரு இருக்கறான். உங்க தலைவரு நூத்தியொரு பேருக்கும் சொல்லுங்கறாரு. நீ அந்த ஒருத்தருக்குக்கூடச் சொல்ல மாட்டேங்கறே. சந்தையில எழுதப் படிக்கத் தெரியாத தரகன் துண்டு போட்ட எடம் ரெண்டுக்கும் நடுவுல கெடக்குது.

இப்ப என்ன செய்யறதா? மூஞ்சியைத் தொங்கப் போடாதே. போன மாசம் என்ற ரெண்டரை ஏக்கராவுக்குத் தண்ணி எறைக்கற மோட்டாரு எரிஞ்சு உன்ற பட்டறைக்கு வந்துச்சல்ல? அது எங்க வாங்குனதுன்னு நீ கேட்டயா? கேக்கல. மாமன் சாமானுக்குக் கூலி கேக்க முடியாதுங்கற வருத்தத்துலயே கட்டிக் குடுத்துட்டே. அதே கடை, மாப்ளே. ரொக்கத்துக்கு வாங்குனேன். பில்லு குடுங்கன்னேன். பேரு போடற எடத்துல ‘கேஷ்’னு எழுதிக் குடுத்தாரு. ‘எங்க அய்யன் எனக்கு வெச்ச பேரு அது இல்லீங்’னு சொல்லி, வேற பில்லு போட வெச்சேன். கேஷுக்கு வித்த மோட்டாரு எரிஞ்சா கேஷ்தான் போயிக் கேக்கோணும். அந்தப் பில்லு அரிசி மூட்டைக்கு மேல, காலண்டருக்குப் பின்னால இருக்குது. அவுத்த பழைய காயிலை நீ தராம வெச்சிருப்பே. அதுல ரெண்டு முழம் வெட்டிக் கொண்டா.

எனக்கு அந்தாளு கடன் தர்றதில்ல. எனக்கு யாருமே கடன் தர்றதில்ல, அதனால நான் நெம்பத் தைரியசாலி. கடுதாசியை நான் எழுதறேன். பில்லு நம்பரு, தேதி, சொரண்டுன கம்பி, என்ற பேரு. மொதல்ல அந்தாளு கையிலயே குடுத்து, பதினஞ்சு நாளு டயம் குடுப்போம். மனுசனுக்கு ஒரு வழி விடோணும். பதில் இல்லைன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டுவோம், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவோம். கழட்டிப் பாத்தது யாருன்னு கேட்டா ‘ஒரு மெக்கானிக்’னு மட்டும் சொல்லுவேன். உங்க தலைவருகிட்ட மட்டும் ராத்திரி போயி, ‘நான்தானுங்’னு சொல்லிப்போட்டு வா. அவருக்கும் ஒரு துண்டு இருக்குதான்னு பாக்கலாம். தரகு? ஒண்ணேகால் இல்ல, அதைவிடக் கொஞ்சம் சாஸ்தி. அடுத்த மொறை மோட்டாரு எரிஞ்சாலும் கூலி கேக்கக் கூடாது.

பேனாவைக் குடு. ... இந்தா, ஆச்சு. ‘இப்படிக்கு, க. பழனிச்சாமி’. அடைப்புக்குறிக்குள்ள ‘கட்டைவண்டி’. இல்லைன்னா மத்த மூணு பழனிச்சாமியும் வந்து நாந்தான்ம்பான்.

வா புள்ளே, காப்பியை இப்பிடி வை. மாப்ளைக்குச் சக்கரை கம்மியாத்தான போட்டே? என்ன அந்தக் காகிதத்தையே பாத்துட்டு நிக்கறே? மோட்டாரு விசயம், உனக்கு வெளங்காது.

“அதில்லீங். இந்த ‘ழ’வுக்குக் கீழ எலி வாலாட்ட ஒரு சுழி விட்டிருக்கறீங்களே, இதே வாலுல மூணு என்ற டிரங்குப் பொட்டியில கெடக்குதுங். பழக்கத்துல ஒண்ணு, வழக்கத்துல ஒண்ணு, ஒழுக்கத்துல ஒண்ணு.”

...

“ஏனுங் முழிக்கறீங்க? கண்ணாலம் ஆன மறு மாசம் பால் கணக்குல நீங்க ‘வெள்ளிக்கிழமை’ன்னு எழுதறப்பவே பாத்துட்டனுங். அது கெடக்குதுங், மாப்ளை, நீங்க காப்பியைக் குடிங்க. அஞ்சு ஏக்கரான்னு எழுதியிருந்துச்சே, மீதி ரெண்டரை எந்தப் பக்கமா இருக்குதுன்னு மட்டும் உங்க மாமனைக் கேட்டுச் சொல்லுங்க.”